ஆசீர்வாதத்துக்கு ஆள் தேடுறியோ, தம்பி?

வா தம்பி, வா. சப்பாத்தைக் கழட்டாதை, இது வீடில்லை, தோட்டம். அந்தக் கவிட்டு வைச்ச வாளியிலை இரு. கதிரை ஒண்டுதான் இருக்கு, அது எனக்கு. பாத்தியே, நோத்ர-டாம்-த-கிரேஸிலை ஒரு வீட்டுக் கோடிக்குள்ளை, கத்தரியும் வெள்ளரியும் வைச்ச நாலு முழ நிலத்திலையே ஆர் எதிலை இருக்கிறது எண்டொரு பிரச்சினை வந்திட்டுது. நீ கொண்டுவந்த பிரச்சினையும் அதுதானே?

விளங்கினதைச் சொல்லுறன், பிழையெண்டாத் திருத்து. தைப்பொங்கலுக்கு உங்கடை கட்சிக்காரர் ஷேர்புரூக் வீதியிலை மண்டபம் எடுத்து விழா வைக்கினம். எம்.பி வருவார், நகரசபை ஆக்கள் வருவினம், எல்லாரும் வேட்டி கட்டிப் படம் எடுப்பினம். உங்கடை கொமிட்டியிலை ஒரு பகுதி, ஒரு சாமியாரைக் கூப்பிட்டு விளக்கேத்தி ஆசியுரை சொல்ல வைக்க வேணும் எண்டு நிக்குது. யூரியூப்பிலை அவருக்குத் தேர்த்திருவிழாக் கூட்டமாம். மற்றப் பகுதி, அவர் சோனகரையும் வேதக்காரரையும் ஏசின பேச்சுகளைப் ஃபோனிலை வைச்சுக்கொண்டு, அவர் வாசலாலை வந்தா நாங்கள் ஜன்னலாலை போவம் எண்டு நிக்குது. நீ நடுவிலை நிண்டு மெலிஞ்சு போனாய். எண்பது வயசுக் கிழடன் ஒரு சேதாரமில்லாத புத்தி சொல்லுவான் எண்டு நம்பி வந்திருக்கிறாய்.

சொல்லுறன். சாமியாரைக் கூப்பிடு. கட்டாயம் கூப்பிடு.

ஏன் மோனை, வாய் திறந்தபடி நிக்குது? ஈ போயிடும், மூடு. கூப்பிடு எண்டுதான் சொன்னனான். ஆனா எதையும் முறையாச் செய்ய வேணும். ஊரை ரண்டாக்கிற ஆளை மேடைக்கு ஏத்திறதும் ஒரு தொழில். அதுக்கும் நாள் நட்சத்திரம் இருக்கு.

முதல் நாள் பார். உன்ரை ஆள் ஆரை ஏசினவரோ, அவை காயப்பட்டுக் கிடக்கிற நாளாப் பாத்துக் கூப்பிட வேணும். அதுதான் சுபமுகூர்த்தம். பக்கத்து நாட்டு ஒபாமாவுக்கு இது வடிவாத் தெரிஞ்சிருந்தது. 2008 நவம்பர் 4 அவர் வெண்டார். அதே நாள் கலிபோர்னியாவிலை, ஆணும் ஆணும் பெண்ணும் பெண்ணும் கலியாணம் முடிக்கிறதை நிப்பாட்டச் சனம் வோட்டுப் போட்டது. அவருக்காக வீடுவீடாக் கதவு தட்டின எத்தினையோ பேருக்கு ஒரே இரவிலை ஒரு கண்ணிலை சிரிப்பு, மறு கண்ணிலை தண்ணி. ஏழு கிழமை போகேல்லை, பதவியேற்பிலை ஜெபம் சொல்ல ஆளை அறிவிச்சார். ஆர்? அந்தத் தடைக்கு வோட்டுப் போடச் சொல்லித் தன்ரை சபைக்குச் சொன்ன றிக் வாறன் எண்ட போதகர். கேட்டவைக்கு ஒபாமா சொன்ன நியாயம், கருத்து ஒத்துவராத ஆக்களோடையும் கதைக்க வேணும் எண்டது. நல்ல நியாயம்தான். ஆனா ஒண்டு தம்பி, கதைக்கிறதுக்கு மேசை இருக்கு. மேடையிலை ஏறினவர் கதைப்பார், கீழை நிக்கிறவை கேப்பினம். அதுக்குப் பேர் சம்பாசணை இல்லை.

அடுத்தது பரிகாரம். புண் படுத்தினாப் பிறகு மருந்து போட வேணுமெல்லோ? 2009 ஜனவரி 18, லிங்கன் நினைவு மண்டபத்திலை நடந்த கொண்டாட்டத்தைத் தொடங்கி வைக்க ஜீன் றொபின்சன் எண்ட பிஷப்பைக் கூப்பிட்டினம். தான் ஓரினச்சேர்க்கையாளர் எண்டதை ஒளிக்காமல் வாழுற மனிசன். அவர் வந்து ஜெபம் சொன்னார். அது தொலைக்காட்சியிலை போகவேயில்லை. ஒளிபரப்பு அதுக்குப் பிறகுதான் தொடங்கினது! பெரிய மேடை வாறனுக்கு, கமரா போடாத மேடை மற்றவருக்கு. கறிக்கு மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டிப்போட்டு, சீனிப் போத்திலைத் திறக்காமல் பக்கத்திலை வைச்ச சமையல்.

நாலு வருசம் போய் ரண்டாம் பதவியேற்புக்கு லூயி கிக்லியோ எண்ட போதகரைத் தெரிஞ்செடுத்தினம். அவர் தொண்ணூறுகளிலை இதே விசயத்தைப் பற்றிச் சொன்ன பழைய பிரசங்கம் ஒண்டு வெளியாலை வந்திட்டுது. மனிசன் தானே விலகிக்கொண்டார். அதையும் கவனி. இந்தக் காலத்திலை செத்தவனைப் புதைக்கலாம், பேச்சைப் புதைக்கேலாது.

சிரிக்கிறாய். வெள்ளைக்காரன்ரை கதை எண்டாச் சிரிப்பு வரும். இனி எங்கடை முத்தத்துக்கு வா.

நான் சின்னப் பொடியனா இருக்கேக்கை, 1956இலை, பண்டாரநாயக்கா எலெக்சன் கேட்டார். ஒக்ஸ்போர்ட்டிலை படிச்சவர், கிறிஸ்தவக் குடும்பத்திலை பிறந்தவர், சிங்களத்தைவிட இங்கிலீசு வடிவாக் கதைக்கிறவர். வெல்ல வேணுமெல்லோ? பிக்குமாரைத் துணைக்குப் பிடிச்சார். ஊர் ஊரா, விகாரை விகாரையா அவருக்காக வேலை செய்தவைக்குள்ளை பெரிய தலை, களனி விகாராதிபதி மாப்பிட்டிகம புத்தரக்கித்த தேரர். வெண்டார். வெண்ட கையோடை ஜூன் மாதம் தனிச் சிங்களச் சட்டம். அடுத்த வருசம், 1957 ஜூலை 26, தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடை ஒரு ஒப்பந்தம் எழுதினார். மனிசனுக்கு உள்ளுக்கை எங்கையோ ஒரு நியாயம் கிடந்திருக்கு. ஆனா ஏத்தி விட்டவை இறங்க விடுவினமோ? 1958 ஏப்ரல் 9, கொழும்பு றொஸ்மீட் பிளேசிலை அவற்றை வீட்டுப் புல்தரையிலை பிக்குமார் வந்து குந்தினவை. ஒப்பந்தம் இல்லை எண்டு வாயாலை சொன்னாக் காணாது, எழுதித் தா எண்டவை. எழுதிக் குடுத்தார்.

பேந்து 1959 செப்டெம்பர் 25. அதே வீட்டு விறாந்தை. சந்திக்க வந்திருந்த சோமராம எண்ட தேரரைப் பிரதமர் குனிஞ்சு கும்பிட்டார். காவிக்குள்ளையிருந்து வந்தது துவக்கு. அடுத்த நாள் உயிர் போச்சு. சதிக்குச் சூத்திரதாரி எண்டு கோட்டிலை குற்றவாளியானது ஆர் தெரியுமோ? மேடை ஏத்தி விட்ட அதே புத்தரக்கித்தர். வேலியிலை போற ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ளை விட்டவன்ரை கதையைச் சொல்லித்தான் எங்கடை ஆக்கள் அண்டைக்கு வாயை மூடிக்கொண்டு அழுததும் சிரிச்சதும்.

இதைப் பாத்தெண்டாலும் பிறகு வந்தவை படிச்சினமோ? சட்டத்திலையே எழுதி வைச்சினம். 1972 அரசியலமைப்பிலை புத்த சமயத்துக்கு முதன்மை இடம், 1978இலையும் அதே. பந்தியிலை முதல் இலை ஆருக்கு எண்டு நாட்டின்ரை தலைச்சட்டமே சொல்லிப்போட்டா, விழாக் கொமிட்டிக்குச் சண்டை இல்லைத்தானே! நீயும் உன்ரை கொமிட்டி யாப்பிலை சாமியாருக்கு ஒரு பிரிவு எழுதி வை.

ஜனாதிபதியா வந்த கோத்தாபய 2019 நவம்பர் 18 எங்கை நிண்டு சத்தியம் செய்தார்? அனுராதபுரத்திலை, ருவன்வெலிசாயவுக்கு முன்னாலை. அது ஆர் கட்டினது? எல்லாளனை வெண்ட துட்டகைமுனு. நாடு முழுக்க மண்டபம் கிடக்க அந்த இடத்தைத் தெரிஞ்செடுத்தது சும்மாவோ? சாமியார் வேண்டாம் தம்பி, சில நேரம் இடமே பிரசங்கம் செய்யும்.

சாமியாரும் வேணும் எண்டா, அதுக்கும் ஆள் வைச்சிருந்தார். ஞானசார தேரர். பொது பல சேனா எண்ட அமைப்பின்ரை ஆள். கோட்டை அவமதிச்ச குற்றத்துக்கு 2018இலை ஆறு வருச மறியல் விழுந்து, 2019இலை சிறிசேன மன்னிச்சு விட்டவர். இவரை 2021 ஒக்டோபரிலை என்னத்துக்குத் தலைவராக்கினார் எண்டு நினைக்கிறாய்? "ஒரே நாடு ஒரே சட்டம்" எண்ட செயலணிக்கு! கோட்டை மதிக்காததுக்கு உள்ளுக்குப் போனவர், நாட்டுக்குச் சட்டம் வகுக்க. நரியைக் கோழிக்கூட்டுக்குக் காவல் வைச்சாலும், நரி கோழியை ஏசினதில்லை. தொடக்கத்திலை அந்தச் செயலணியிலை தமிழர் ஒருத்தரும் இல்லை. சத்தம் வந்தாப் பிறகுதான் மூண்டு பேரைச் சேர்த்தது. ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே பக்கத்துக் கதிரை. 2022 ஜூலை 13, சனம் மாளிகைக்குள்ளை புகுந்து நாலு நாளிலை, அதே கோத்தாபய விடியப்புறமா விமானம் ஏறினார். ஓதின பிரித்து ஒண்டும் அண்டைக்குக் காவலுக்கு வரேல்லை.

இப்ப நீ நெஞ்சை நிமித்துறாய். சிங்களவன் அப்பிடித்தான் எண்டு உன்ரை முகம் சொல்லுது. பொறு. எங்கடை முதுகையும் கொஞ்சம் திருப்பிப் பாப்பம், கண்ணாடி கொண்டு வந்தனியோ?

காங்கேசன்துறைத் தொகுதி. கோயிலும் குளமுமா இருக்கிற சைவ ஆக்கள். அவை பாராளுமன்றத்துக்கு அனுப்பினது ஆரை? செல்வநாயகத்தை. புரட்டஸ்தாந்து வேதக்காரர். வேதக்காரன் எண்டு சொல்லி வோட்டுக் கேட்டவையும் இருந்தவை. 1952இலை ஒருக்கால் தோத்தும் போனார். பிறகு அதே சனம் அவரைத் தந்தை எண்டது. விபூதி பூசின நெத்தியோடை வந்து, பூசாத நெத்திக்கு வோட்டுப் போட்டது. அந்தப் பெருமையை எங்கை வேணுமெண்டாலும் சொல்லலாம்.

ஆனா அதே தொகுதிக்குள்ளைதான் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலும் இருக்கு. 1968இலை, எங்களுக்கும் உள்ளுக்கை வந்து கும்பிட விடுங்கோ எண்டு கேட்டு ஒடுக்கப்பட்ட சனம் வாசலிலை இருந்தது. விடமாட்டம் எண்டு குறுக்கை நிண்டவைக்குத் தலைமை ஆர்? சுந்தரலிங்கம். சுதந்திர இலங்கையின்ரை முதல் மந்திரி சபையிலை இருந்தவர். அதுக்கு முன்னம் கணித பாடத்துப் பேராசிரியர். அவ்வளவு கணக்குப் படிச்ச மனிசனுக்கும் கோயில் வாசலிலை தெரிஞ்சது கழித்தல் ஒண்டுதான். ஆகவே மோனை, ஆளைப் பிரிக்கிறதுக்குக் காவியும் வேண்டாம், சடைமுடியும் வேண்டாம். கோட்டுச் சூட்டு போட்டுக்கொண்டும் செய்யலாம்.

என்ன? ஒருத்தரையும் கூப்பிடாமல் விட்டா என்ன எண்டு கேக்கிறியோ? ஓ, கெபெக் முறை. அதையும் பாப்பம்.

சகெனே எண்டு வடக்கை ஒரு பட்டினம். அதின்ரை மேயர் ஜோன் ட்ரம்பிளே நகரசபைக் கூட்டம் தொடங்கேக்கை சிலுவை போட்டு ஜெபம் சொல்லுவார். கடவுள் நம்பிக்கை இல்லாத ஊர்க்காரன் ஒருத்தன் வழக்குப் போட்டான். 2015 ஏப்ரல் 15, கனடா உச்ச நீதிமன்றம் ஜெபத்தை நிப்பாட்டச் சொல்லிச்சுது. அரசாங்கம் ஒரு சமயத்தின்ரை பக்கமும் சாயக்கூடாது எண்டது தீர்ப்பு. ஒட்டாவாவிலை நாடாளுமன்றம் இண்டைக்கும் ஜெபத்தோடைதான் தொடங்குது. 2022இலை அதை நிப்பாட்டப் புளொக் கெபெக்குவா கட்சி பிரேரணை கொண்டுவர, 266க்கு 56 எண்டு தோத்தது. ஒரு நாட்டுக்குள்ளையே ரண்டு வழக்கம், பாத்தியே.

கெபெக் சட்டசபையிலை டுப்ளெசி 1936இலை ஒரு சிலுவையைக் கொழுவினார். கழட்டினது 2019 ஜூலையிலை. ஒரு ஆணியைப் பிடுங்க எண்பத்திமூண்டு வருசம்! அதுக்கு முந்தின மாதம் 21ஆம் சட்டம் வந்தது. முக்காடு போட்ட பிள்ளை அரசாங்கப் பள்ளிக்கூடத்திலை புதுசாப் படிப்பிக்கப் போகேலாது. தலைப்பாகை கட்டின பொடியன் பொலிசுக்குப் போகேலாது. சுவரிலை கிடந்த சிலுவைக்கு அவ்வளவு காலம் பொறுத்தவைக்கு, ஒரு பிள்ளையின்ரை தலையிலை கிடக்கிற துணிக்குப் பொறுமை இல்லாமல் போச்சு.

இதெல்லாம் நடக்கிறது எங்கை? வில்லா-மரியா மெட்ரோவிலை இறங்கு, மரியாள். தெருவுக்குத் தெரு சென்ற், சென்ற் எண்டு புனிதர்மார். மலையிலை 1924இலை நட்ட சிலுவை இரவு இரவா லைற் எரிச்சுக்கொண்டு நிக்குது. வரிக் கடுதாசி வந்தா என்ரை விலாசத்திலை நோத்ர-டாம்-த-கிரேஸ். அருள் மாதா! சமயம் இல்லாத அரசாங்கத்துக்கு மாதாவின்ரை பேர் போட்ட கடிதவுறையிலை காசு அனுப்புறன் நான். குறை சொல்லேல்லை. மாதாவின்ரை பேராலை எனக்கு ஒரு துன்பமும் வந்ததில்லை. அவ இவ்வளவு காலத்திலை என்னை ஏசினதும் இல்லை. சமயத்தை வெளியாலை போட்டாச் சண்டை போகும் எண்டு நினைக்காதை. முன் கதிரை ஆருக்கு எண்ட எண்ணம் சுவரிலை கொழுவி இருக்கிறேல்லை, கழட்டி வைக்க.

சரி, அப்ப எல்லாரையும் கூப்பிடுவமோ? அதையும் ஒருத்தர் கேட்டார். 2022 ஜூலையிலை தமிழ்நாட்டிலை தருமபுரிப் பக்கம், ஆலாபுரம் ஏரி வேலைக்கு அதிகாரிமார் ஐயரை வைச்சுப் பூமி பூசை செய்ய ஆயத்தப்படுத்திப்போட்டினம். தி.மு.க எம்.பி செந்தில்குமார் வந்து இறங்கினார். அரசாங்க விழாவிலை ஒரு சமயத்தின்ரை பூசை மட்டும் என்னத்துக்கு, ஃபாதர் எங்கை, இமாம் எங்கை, கடவுள் இல்லை எண்டிற திராவிடர் கழகத்து ஆள் எங்கை எண்டு கேட்டார். பூசை நிண்டு போச்சு. கேள்வி நியாயம். அதை உன்ரை மண்டபத்துக்குக் கொண்டு வந்து பார். சாமியார், ஃபாதர், பாஸ்ரர், மௌலவி, பிக்கு, கடைசியாக் கறுப்புச் சட்டைக்காரர். ஆளுக்கு ஐஞ்சு நிமிசம் எண்டு குடுப்பாய். மைக்கைக் கண்ட ஆள் ஐஞ்சு நிமிசத்திலை விட்டதை நீ கண்டனியோ? பொங்கல் ஆறிக் கட்டியாகும். எம்.பி மணிக்கூட்டைப் பாப்பார். பிள்ளையள் அழும்.

அலுத்துப் போனியோ? கிழவன் எல்லாத்தையும் இடிக்கிறான், ஒண்டும் கட்டுறானில்லை எண்டு நினைக்கிறாய். இந்தா, இதைப் பிடி. மணந்து பார்.

இது மொன்றியல் வெள்ளரிப்பழம். இந்த நோத்ர-டாம்-த-கிரேஸ் ஒரு காலம் தோட்டக்காணி மோனை. டெக்காறி எண்டு நீ கார் ஓடுற நெடுஞ்சாலை ஒரு கமக்காரக் குடும்பத்தின்ரை பேர். அவையள் வளத்த பழம், நியூயோர்க், பொஸ்ரன் ஹொட்டல்களுக்கு ரெயிலிலை போகும். பச்சைச் சதை, சாதிக்காய் வாசம். பிறகு காணி வீடாச்சு, வீடு ரோட்டாச்சு, பழம் இல்லாமல் போச்சு. விதை வைக்க ஒருத்தரும் நினைக்கேல்லை. தொண்ணூறுகளிலை அமெரிக்காவிலை, அயோவாவிலை ஒரு விதை வங்கியிலை ஒரு பிடி கிடந்ததைக் கண்டுபிடிச்சுத் திரும்பக் கொண்டு வந்தவை. அதின்ரை வழியிலை எனக்கும் நாலு விதை கிடைச்சது. முன்னம் என்ன பேசினம்? ஓ, ஆசீர்வாதம்.

கோட்-டெ-நேஜ் பக்கம் எனக்கொரு சிநேகிதன். யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலை பிறந்த ஆள், என்ரை வயசு. 1990 ஒக்டோபர் 30, ரண்டு மணித்தியாலத்திலை வெளிக்கிடு எண்டு எங்கடை புலிப் பெடியள் சொல்ல, ஒரு பையோடை வெளிக்கிட்ட சனத்திலை ஒருத்தர். இண்டைக்கும் என்னைவிட நல்ல யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பார். பொங்கலுக்கு என்ரை வீட்டிலை முதல் அகப்பை அவருக்குத்தான். 2016 ஒக்டோபரிலை ஒட்டாவாவிலை ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்கள் ஆக்கினவையெல்லோ, அந்தத் தமிழுக்குள்ளை அவரும் இருக்கிறார். உன்ரை விழாவுக்கும் வருவார். கடைசி வரியிலை, கதவுக்குக் கிட்ட இருப்பார். ரண்டு மணித்தியாலத்திலை வெளிக்கிட்டவை எங்கையும் கதவுக்குக் கிட்டத்தான் இருக்கிறது.

நோட்டீஸ் அடிக்க முன்னம் அவரிட்டைப் போ. தேத்தண்ணி தருவார், குடி. பேந்து மெதுவாச் சொல்லு, இன்ன சாமியார் விளக்கேத்தி ஆசியுரை சொல்லுறார் எண்டு. வாயைப் பாக்காதை, முகத்தைப் பார். அவர் கோவிக்க மாட்டார். ஏச மாட்டார். "பரவாயில்லை தம்பி" எண்டுதான் சொல்லுவார். அந்தப் "பரவாயில்லை" வந்துதெண்டா நோட்டீஸ் அடிக்காதை. ஏசினாக்கூட அடிக்கலாம், அது சண்டை, தீரும். "பரவாயில்லை" எண்டது, தன்ரை கதிரையைத் தானே மடிச்சு வைக்கிற சத்தம்.

கருத்து ஒத்துவராத ஆளோடை கதைக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. சாமியாரோடை கதைக்க விருப்பமோ, அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுக் கதை. வாதாடு, விடியும் வரை வாதாடு. மேடையும் விளக்கும் ஊர் முழுக்கச் சேர்த்துக் குடுத்தது. அதை எடுத்து ஒரு பகுதியை ஏசினவற்றை கையிலை குடுக்க உனக்கும் உன்ரை எம்.பிக்கும் உரிமை இல்லை.

விளக்கேத்த ஆள்தானே வேணும்? அண்டைக்கு விடிய நாலு மணிக்கு எழும்பி உங்களுக்குப் பொங்கப்போற மனிசியள் குசினிக்குள்ளை நிப்பினம். அதிலை மூத்தவவைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்து ஏத்தச் சொல்லு. அவ ஒருத்தரையும் ஏசியிருக்க மாட்டா. ஏசியிருந்தாலும் புருசனைத்தான், அது எல்லாச் சமயத்துக்கும் பொது. ஆசியுரை வேண்டாம். அவ "எல்லாரும் சாப்பிட வாங்கோ" எண்டு சொன்னாக் காணும்.

பொழுது படுகுது, போட்டு வா. பழத்தைக் கொண்டு போய்க் கொமிட்டிக்கு வெட்டிக் குடு. ரண்டு பகுதிக்கும் ஒரே அளவிலை வெட்டு, அவை அளந்து பாப்பினம். விதையை மட்டும் எறிஞ்சு போடாதை. கழுவிக் காயவைச்சு எனக்குத் திருப்பித் தா.